டெய்லி போற மேத்ஸ்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் இன்று காலையும் போட்டிருந்தார்கள். சரக்கு ரயில் நகர்கிற மாதிரியே தெரியவில்லை.

பக்கத்தில் சைக்கிளில் ஒரு ஸ்கூல் பையன்.

"லேட்டாயிடுச்சா தம்பி?"

"பரவால்லண்ணா, ஃபர்ஸ்ட் பீரியட் மேத்ஸ்தான். டெய்லி அதான் போவுது."

காலையில் மூளை தெளிவாக இருக்கும் என்று நினைத்துத்தான் கணக்கைத் தினமும் முதலில் போட்டிருப்பார்கள். ஆனால் கேட்டுக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வருடம் முழுக்க அடி வாங்குவது கணக்கு மட்டும்தான்.

நாளுக்கு 8 பீரியட், வாரத்துக்கு 5 நாள் என்றால் ஒரு வகுப்பின் கால அட்டவணையில் நிரப்ப வேண்டியது 40 கட்டம். போன வருட அட்டவணையில் பெயரை மட்டும் மாற்றினால் பழைய கோளாறும் கூடவே வரும்.

அசைக்க முடியாததை முதலில் வைக்க வேண்டும். லேப்புக்குச் சேர்ந்தாற்போல இரண்டு பீரியட், இருக்கிற ஒரே மைதானம், சில நாள் மட்டும் வரும் பகுதிநேர ஆசிரியர். அப்புறம் கணக்கைத் திங்களன்று முதலாவது, செவ்வாயன்று மூன்றாவது என்று மாற்றிப் போடலாம். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவதும் குறையும். (திரும்பி வந்ததே இல்லையே, அது என்ன கடன்!)

தலைமையாசிரியர் ஒரு வாரம் காலையில் வாசலில் நின்று, எந்த வகுப்பில் யார் தாமதம் என்று குறித்தாலே எதை நகர்த்துவது என்று தெரிந்துவிடும்.