பழைய லேண்ட் ரோவரில் பிரேக் எயார் எடுக்கும் முன்

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாதைகளில் இன்றும் ஓடுகின்ற லேண்ட் ரோவர் சீரீஸ் 3 வண்டிகளில், அதாவது 1971 முதல் 1985 வரை தயாரானவற்றில், நான்கு சில்லுகளுக்கும் டிரம் பிரேக்தான். அவற்றில் எயார் எடுப்பது, அதாவது பிரேக் ஒயில் குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது, வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. ஆனால் ஆபத்து பிரேக்கில் அல்ல, வண்டியை நிறுத்தி வைப்பதில்தான் இருக்கிறது.

இந்த வண்டியின் ஹேண்ட் பிரேக் பின்சில்லுகளைப் பிடிப்பதில்லை. எஞ்சின் சக்தியை முன், பின் சில்லுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் பெட்டியின் பின்னால் உள்ள தனி டிரம்மின் வழியாக, பின்சில்லுகளைச் சுழற்றும் தண்டான பின் புரொப்பெலர் ஷாஃப்டை மட்டுமே பிடிக்கிறது. எனவே ஒரு பின்சில்லை ஜக் வைத்துத் தூக்கிய மாத்திரத்தில், இரு பின்சில்லுகளையும் வெவ்வேறாகச் சுழல விடும் டிஃபரன்ஷியலின் வழியாக அந்தச் சில்லு காற்றில் பின்னோக்கிச் சுழல, தரையில் இருக்கும் மறுசில்லு தாராளமாக உருளத் தொடங்கும். ஹேண்ட் பிரேக்கை எவ்வளவு இறுக்கி இழுத்திருந்தாலும் இதுதான் நிலை. சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுத்த பிறகே கீழே கைவைக்க வேண்டும். உண்மையில் இவ்வளவு உயரமான வண்டியைத் தூக்காமலே, சில்லுகளைக் கழற்றாமலே, டிரம்மின் உட்புறப் பின்தட்டில் உள்ள நிப்பிளை (எயார் வெளியேற்றும் சிறு திருகாணியை) எட்டிவிடலாம். நான் தூக்குவதே இல்லை.

பெடல் தாழ்ந்து போனால் உடனே எயார் என்று முடிவு கட்டுவதும் சரியல்ல. இரண்டு மூன்று முறை மிதித்ததும் பெடல் உயர்ந்து கெட்டியானால், பெரும்பாலும் டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூக்கள் தேய்ந்து அதிலிருந்து விலகியிருக்கின்றன. முதலில் அவற்றை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். பஞ்சுபோல அமுங்கினால்தான் எயார்.

பழைய பிரேக் ஒயில் நீரை உறிஞ்சியிருக்கும். டொட் 4 வகை ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸில் கொதிக்கும், 3.7 சதவீத நீர் சேர்ந்ததும் அந்த அளவு 155 பாகைக்கு இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் சூடேறிய டிரம்முக்கு இது போதாது, ஒயில் ஆவியாகிப் பெடல் தரையைத் தொட்டுவிடும். ஆகவே திறந்து பல மாதங்களாகக் கிடக்கும் போத்தலை நம்ப வேண்டாம். எஞ்சின் ஒயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுப்போகும். பெயின்டில் பட்ட பிரேக் ஒயில் துளியை உடனே தண்ணீரால் கழுவ வேண்டும்.

வலப்பக்க ஸ்டியரிங் என்பதால் பெடல் அழுத்தத்தை ஒயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவான இடது பின்சில்லில் தொடங்கி, வலது பின், இடது முன், வலது முன் என வருவது வழக்கம். துருப்பிடித்த நிப்பிளுக்கு முதல் நாளே துரு நீக்கும் ஒயில் விட்டு, ரிங் ஸ்பேனரால் மட்டுமே திருகுங்கள். முறிந்தால் அந்தச் சில்லின் சிலிண்டரையே மாற்ற நேரும். தெளிவான டியூபின் மறுமுனையைப் புது ஒயிலில் மூழ்க வைத்தபின், உள்ளே பெடலை மிதிக்கும் தம்பி "அமத்திட்டேன்" என்றதும் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, குமிழிகள் வெளியேறியதும் மூடி, அதன் பிறகே "விடு" என்று சொல்ல வேண்டும். இந்த ஒழுங்கு தவறினால் வெளியேறிய எயார் மீண்டும் உள்ளே போய்விடும். பெடல் முழுதும் தாழாதபடி அதற்கு அடியில் ஒரு மரத்துண்டு வைப்பது நல்லது; பழைய மாஸ்டர் சிலிண்டரில் வழக்கமாகப் போகாத துருப்பகுதி வரை சீல் போனால் அது கிழியலாம். மேலே உள்ள ஒயில் தொட்டி ஒருபோதும் வற்றக் கூடாது.

முடிந்ததும் பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்லக் கீழிறங்கினால், நிப்பிள்களிலும் பைப்புகளிலும் கசிவு தேடுங்கள். எங்கும் ஈரமில்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் சீல் போயிருக்கலாம், இனி எத்தனை முறை எயார் எடுத்தாலும் பயனில்லை. உறுதியாக நின்றால், முதலில் சமதரையில் நடை வேகத்தில் ஓட்டி நிறுத்திப் பார்த்துவிட்டு, பிறகு இறக்கத்துக்குக் கொண்டு செல்லலாம்.