பதினான்கு வயதும் இரண்டு மாதமும்

எங்கள் நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்த பையன் ஒருவன் 2023 ஜூனில் எந்தப் பள்ளியிலும் சேரவில்லை. அவனுடைய தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும். "அண்ணன் கிடைக்குப் போயிருக்கிறான் டீச்சர்" என்றாள். கணவரின் மருத்துவச் செலவுக்காகத் தாய், செம்மறி ஆட்டுக்கிடை வைத்திருக்கும் ஒருவரிடம் 35,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தார். அது கழியும்வரை பையன் ஆடு மேய்க்க வேண்டும். எத்தனை மாதத்தில் கழியும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்தேன். இரண்டாம் நாள் டெல்டாவில் அறுவடை முடிந்த வயல் ஒன்றில் அவனைக் கண்டுபிடித்து, குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவந்தார்கள். இரவில் பட்டிக்குக் காவலாக வெட்டவெளியிலேயே படுத்திருக்கிறான். காலெல்லாம் முள் கீறிய தழும்பு. என்னைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "குட்டிகளை இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள் டீச்சர்?" என்பதுதான்.

பையன் கிடைத்துவிட்டான், இனி எல்லாம் தானாக நடக்கும் என்று நினைத்தேன். அங்கேதான் அலைச்சல் தொடங்கியது.

முதல் கேள்வி வயது. இளைஞர் நீதிச் சட்டப்படி வயதுக்கு முதல் ஆதாரம் பள்ளிச் சான்று. நானே பதிவேட்டைப் பார்த்து எடுத்துச் சென்றேன். அதன்படி அவனுக்குப் பதினான்கு வயதும் இரண்டு மாதமும். நான் கொண்டுபோன அந்தத் தாளே முதல் கதவை மூடியது. குழந்தைத் தொழிலாளர் சட்டம், 2016 திருத்தத்துக்குப் பிறகும், எல்லா வேலைகளையும் தடை செய்வது பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மட்டும்தான். அதிலும் குடும்பத் தொழிலுக்கு விலக்கு உண்டு. பதினான்கு முதல் பதினெட்டு வரை, அட்டவணையில் உள்ள அபாயகரமான வேலைகளுக்கு மட்டுமே தடை. "ஆடு மேய்ப்பது அட்டவணையில் இல்லை அம்மா" என்றார் தொழிலாளர் துறை அதிகாரி. அவர் மரியாதையாகத்தான் சொன்னார். கட்டாயக் கல்விச் சட்டமும் அதே பதினான்கில் நின்றுவிடுகிறது. சட்டத்தின் கண்ணில் அவன் மார்ச் மாதத்தில் குழந்தை, ஜூனில் கூலியாள்.

காவல் நிலையத்தில் இரண்டாவது கதவு. இளைஞர் நீதிச் சட்டத்தின் 79-வது பிரிவு, பதினெட்டு வயது வரை எந்தக் குழந்தையையும் வேலைக்காகப் பிணைத்து வைப்பதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. ஆனால் 2021 திருத்தம் இத்தகைய குற்றங்களை, நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீசார் விசாரிக்க முடியாத வகைக்கு மாற்றிவிட்டது. அது நடைமுறைக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. இந்தத் திருத்தம் யாருக்கு நன்மை செய்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆள்கடத்தல் பிரிவு பொருந்தாதா என்று கேட்டேன். "தாயே கூட்டிப்போய் விட்டிருக்கிறார், இதில் கடத்தல் எங்கே?" என்றார்கள். கடத்தல் என்றதும் யாரோ வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவதைத்தான் நாம் நினைக்கிறோம்; அந்தச் சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. சட்டமும் கைகொடுக்கவில்லை. 2013-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் ஆள்கடத்தல் பிரிவான 370-ஐத் திருத்தியபோது அடிமைத்தனம், உறுப்பு அகற்றல் ஆகியவற்றைச் சுரண்டல் என்று எழுதியவர்கள், கட்டாய உழைப்பு என்ற சொல்லை எழுதாமல் விட்டார்கள். அதற்குப் பதிலாக 2024-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிச்சையெடுக்க வைப்பது சேர்ந்தது, கட்டாய உழைப்பு சேரவில்லை. ஆள்கடத்தலுக்கென்று தனியாக வந்த மசோதா 2018-இல் மக்களவையில் நிறைவேறி, அடுத்த ஆண்டு காலாவதியானது.

திறந்திருந்த ஒரே வழி 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். அதற்கு வயது வரம்பு கிடையாது. முன்பணம், அதனால் விலகிப்போக முடியாத நிலை, இவை இருந்தால் போதும். கோட்டாட்சியருக்கு மனு எழுதும்போது "குழந்தைத் தொழிலாளர்" என்று எழுதாதீர்கள்; முன்பணம் எவ்வளவு, யார், எப்போது வாங்கினார் என்று எழுதுங்கள். என் முதல் மனு அதனாலேயே இன்னொரு துறைக்குத் திருப்பி அனுப்பப்பட்டது.

முதல் விசாரணையில் கிடைக்காரரும் அதே அறையில் உட்கார்ந்திருந்தார். பையன் வாய் திறக்கவில்லை. "அடித்தார்களா? கட்டிப் போட்டார்களா?" என்று கேட்டார்கள், இல்லையென்று தலையசைத்தான். தனியாக விசாரிக்கும்படி எழுத்துமூலம் கேட்டேன். இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். இரண்டாம் முறை வந்த அதிகாரி அவனைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஊருக்குப் போகிறேன் என்று சொன்னால் விடுவார்களா?" "அம்மா பணத்தைக் கட்டினால் விடுவார்கள் சார்." அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அந்தச் சட்டப்படி கடன் கொடுத்த முதலாளியுடையது.

ஐந்தாவது மாதம் விடுதலைச் சான்றிதழ் வந்தது. கொத்தடிமைக் குற்றத்தில் போலீசார் நேரடியாக வழக்குப் பதியலாம். அப்படி ஒரு பிரிவு இருந்தால், அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 155(4)-ன்படி மற்றதையும் சேர்த்து விசாரிக்கலாம் என்று சட்ட உதவி மைய வழக்கறிஞர் எடுத்துச் சொன்னார். 79-வது பிரிவு அப்படித்தான் உள்ளே வந்தது.

இதில் மிகக் கடினமாக இருந்தது அவனுடைய தாயிடம் பேசியதுதான். விடுதலையோடு கடனும் அழிந்துவிடும் என்றபோது அவருக்கு மகிழ்ச்சி வரவில்லை. "வாங்கிய பணத்தைக் கொடுக்காமல் எப்படி டீச்சர் அவர் முகத்தில் விழிப்பேன்?" என்று அழுதார். தன்னையும் சிறையில் போடுவார்கள் என்ற பயம் வேறு. மூன்று முறை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிய பிறகுதான் வாக்குமூலம் கொடுத்தார்.

உடனடி உதவித்தொகை 30,000 ரூபாய், வங்கிக் கணக்கு தொடங்கக் காத்திருந்து, தாமதமாக வந்து சேர்ந்தது. குழந்தைகளுக்கான மறுவாழ்வுத் தொகை 2 லட்சம். அது குற்றவாளிக்குத் தண்டனை உறுதியானால்தான் முழுமையாகக் கிடைக்கும். வழக்கு இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவன் பள்ளிக்கு விடுப்பு எடுக்கிறான்.

அவன் தங்கையும் சென்ற ஏப்ரலில் எட்டாம் வகுப்பு முடித்தாள். மாற்றுச் சான்றிதழை வீட்டுக்குக் கொடுத்தனுப்பாமல், அவளையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நானே உயர்நிலைப் பள்ளிக்குப் போய்ச் சேர்த்துவிட்டு வந்தேன்.