பகலில் பாயும் தண்ணீர்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு பக்கம் எங்கள் ஊர். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, வீட்டுக்கே பட்டம் வந்தது போல அப்பா சந்தோஷப்பட்டார். அந்தக் கத்திரிக்குத் தண்ணீர் கட்டத்தான் அவர் எத்தனையோ ராத்திரி கண் விழித்தார்.

எங்கள் கிணற்றுக்குக் கரண்ட் இல்லை. இலவச மின் இணைப்புக்கு எழுதிப் போட்டுவிட்டுப் பல வருடம் காத்திருந்தோம். அதுவரை சித்தப்பா கிணற்றில் முறைத் தண்ணீர். மும்முனை கரண்ட் ராத்திரியில் வந்தால் எங்கள் முறையும் ராத்திரிதான். அப்பா டார்ச்சும் மண்வெட்டியுமாகக் கிளம்புவார். ஒருமுறை வரப்பில் காலடியிலேயே கண்ணாடி விரியன் கிடந்தது. அவர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கும்வரை அம்மா படுக்கமாட்டார்.

2021-இல் வேளாண்மைப் பொறியியல் துறை மூலமாக, 70 சதவீத மானியத்தில் 5 ஹெச்.பி. சோலார் மோட்டார் போட்டோம். காலை ஏழு மணிக்கு நூலாக விழும் தண்ணீர், பத்து மணிக்கெல்லாம் குழாய் நிறையக் கொட்டும். மூன்றரைக்கு மேல் மறுபடி இளைத்துவிடும். அதற்குள் பாய்ச்சி முடித்துவிடலாம்.

வேலூர் வெயிலுக்குப் பிய்த்துக்கொண்டு ஓடும் என்று நினைத்திருந்தோம். அக்னி நட்சத்திரத்தில் தண்ணீர் குறைந்தது. பேனலுக்கு வெளிச்சம்தான் வேண்டும், சூடு ஆகாது என்று பொருத்த வந்த தம்பி விளக்கினார். பேனலின் சூடு 25 டிகிரியைத் தாண்டினால், ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் மின்சாரம் குறையுமாம். மே மாதம் தொட்டால் கை சுடும். மாசியில்தான் நல்ல ஓட்டம். தூசி படிந்தாலும் குறையும் என்பதால், அம்மா வெள்ளிக்கிழமை சாமி படம் துடைப்பது போல அப்பா விடிந்ததும் ஈரத்துணியால் பேனலைத் துடைக்கிறார்.

2025 தொடக்கத்தில் நம் நாட்டின் சூரிய மின்திறன் 1 லட்சம் மெகாவாட்டைத் தாண்டியது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் உள்ள சூரிய மின் நிலையம் மட்டும் 648 மெகாவாட். அதன் பக்கத்தில் எங்கள் மோட்டார் ஒரு துளி. ஆனால் அப்பா இப்போது ராத்திரி வீட்டில் தூங்குகிறார். இந்த வளர்ச்சியை நான் கண்ணால் பார்த்தது அங்கேதான்.

ஒரு கவலையும் இருக்கிறது. டீசல் செலவு இல்லை, பில் இல்லை, கரண்டுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். அப்படியானால் மோட்டாரை நிறுத்த யாருக்குத் தோன்றும்? தண்ணீர் இல்லாத ஆறு என்று பேர் வாங்கியது எங்கள் பாலாறு. வெயில் நாளைக்கும் வரும், கிணற்றுத் தண்ணீர் வருமா? சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம் உண்டு. சோலார் கொடுக்கும் கையோடு அதையும் கட்டாயமாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். நாங்கள் கத்திரிக்கு மட்டும் போட்டிருக்கிறோம். நிலக்கடலைக்கு இன்னும் வாய்க்கால் பாசனம்தான்.

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, கிணற்றில் எத்தனை படி தெரிகிறது என்று அப்பாவிடம் கேட்டேன்.

"பதினொண்ணும்மா. போன வருஷம் இதே நேரம் ஒன்பது."

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கடலைக் கொல்லைக்கும் சொட்டுநீருக்கு எழுதிப் போட வேண்டும். அதற்கு வேண்டிய நில ஆவணங்கள், சிட்டா, அடங்கல் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.