மூட்டைப்பூச்சியும் ஸ்க்ரூ டிரைவரும்

மேல் மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துகொண்டு போகும்போது ஒரு மர திவானை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். பார்க்கத் தேக்கு மாதிரி இருந்தது, வாங்கிவிட்டேன். மூன்றாவது வாரம் அத்தை முழங்கையைச் சொறிந்துகொண்டே, "கொசு இப்படி வரிசையா கடிக்காதும்மா" என்றார்.

நான் நம்பவில்லை. பெரம்பூரில் இருந்துகொண்டு கொசுவைத் தவிர வேறு எதைச் சந்தேகிப்பது? ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மெத்தை சுத்தமாக இருந்தது. தலைமாட்டுச் சட்டத்தில் ஸ்க்ரூ இறங்கியிருக்கும் குழியைச் சுற்றி மட்டும், பேனாவால் குத்தின மாதிரி கறுப்புப் புள்ளிகள். ஈரத்துணியால் துடைத்தால் துரு நிறத்தில் இழுவியது. குடித்த ரத்தம் கழிவாகி வந்த கறை அது. ஊசியை விட்டு நெம்பினேன். நசுக்கின மிளகு மாதிரி சப்பையாக ஒன்று வெளியே வந்தது. உள்ளே ரவை சிந்தியதுபோல் வெள்ளையாக முட்டைகள்.

கீழ் வீட்டில் ஓனரம்மா. அவர் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்ற பயத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. பாரிமுனை நடைபாதையில் ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். லேபிள் கிடையாது, கிரசின் நெடி. மெத்தை மேலேயே தெளித்தேன். அன்று ராத்திரி பையனுக்குக் கண் எரிச்சல், எனக்கு மண்டையிடி. மூட்டைப்பூச்சிகள் சாகவில்லை. நாலே நாளில் சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டருக்குப் பின்னால் போய்க் குடியேறியிருந்தன. மருந்து உறுத்தினால் அவை இடம் மாறிவிடும். அது தெரியாமல் ஒரு கட்டிலில் இருந்ததை அறை முழுக்கப் பரப்பியிருக்கிறேன்.

2024 நவம்பரில் குன்றத்தூரில் எலி மருந்து வைத்த வீட்டில் இரண்டு குழந்தைகள் செத்துப்போன செய்தி அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்து வயிற்றைப் பிசைந்தது. மெத்தையைத் தூக்கிப் போட்டேன். "மூட்டைப்பூச்சி இருந்தது" என்று ஒரு அட்டையில் எழுதி அதன் மேல் கட்டினேன், வேறு யாராவது எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாதே. பாட்டிலை உறை மேல் உறை போட்டுக் கட்டி எட்டாத இடத்தில் வைத்தேன். சாக்கடையில் ஊற்றக் கூடாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடையில் டின்னைத் திருப்பித் திருப்பிப் படித்துத்தான் வாங்கினேன். வீட்டுக்குள் அடிக்கலாம் என்றும், மூட்டைப்பூச்சிக்கு என்றும் அதில் எழுதியிருக்க வேண்டும். கொசுவுக்கென்று காற்றில் அடிக்கிற மருந்து ஸ்க்ரூ குழிக்குள் போய்ச் சேராது. நம் ஊர் பூச்சி மருந்துகளில் சாய்ந்த சதுரமாக ஒரு அடையாளம் இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பென்றால் கடும் விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம். பச்சைதான் இருப்பதில் குறைவு. வயலுக்கு அடிக்கிற மருந்தைப் படுக்கையறைக்குக் கொண்டு வரவே கூடாது.

மருந்து அடித்தது என்னவோ பத்து நிமிஷம்தான். அதற்கு முன்னால் நாலு மணி நேரம் ஸ்க்ரூ டிரைவர் வேலை. திவானை மொத்தமாகக் கழற்றினோம். இடுக்குகளைப் பழைய டூத் பிரஷால் தேய்த்து, விழுந்ததையெல்லாம் கவரில் கட்டி வெளியே போட்டோம். போர்வை, தலையணை உறை எல்லாம் கொதிக்கிற தண்ணீரில். அத்தை சின்ன வயசில் கயிற்றுக் கட்டிலை மொட்டை மாடியில் போட்டு வெந்நீர் ஊற்றுவார்களாம். அது சரியான வைத்தியம். ஐம்பது டிகிரி சூட்டைப் பூச்சியும் தாங்காது, முட்டையும் தாங்காது. வெயிலில் சும்மா போட்டால் மட்டும் போதாது, நிழல் பக்கமாக நகர்ந்து பிழைத்துக்கொள்ளும்.

அத்தையையும் பையனையும் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சாமி விளக்கை அணைத்தேன். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டின்னுக்குள் இருப்பது பற்றிக்கொள்ளும். அடுப்பையும் அணைத்து, சிலிண்டர் வால்வை மூடினேன். குடிதண்ணீரும் சாப்பாட்டுச் சாமானும் வேறு அறைக்கு. பக்கத்து வீட்டுப் பூனையைக் கட்டி வைக்கச் சொன்னேன், இந்த வகை மருந்துகளில் சில பூனைக்கு ஆகவே ஆகாது. மீன் தொட்டி இருந்தால் அதையும் அப்புறப்படுத்த வேண்டும். கையுறை, முழுக்கை சட்டை, மாஸ்க். டின்னோடு வந்த மெல்லிய குழாயைச் செருகி ஸ்க்ரூ குழி, பலகை பொருத்து, சுவர் ஓரம் என்று இடுக்குகளில் மட்டும் அடித்தேன். நனைந்தால் போதும், வழியக் கூடாது. உடம்பு படுகிற இடத்தில் ஒரு சொட்டு கூடக் கிடையாது. சுவிட்ச் போர்டு ஓரத்தில் ஒன்று ஊர்ந்ததைப் பார்த்துவிட்டு இவர் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். "கரண்ட்டுல அடிச்சு வீட்டையே கொளுத்தப் போறீங்களா?" என்று பிடுங்கிவிட்டு, சுற்றி டேப் ஒட்டினேன். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டோம். டின்னில் போட்டிருந்த நேரம் கழித்து ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போட்டு, நன்றாகக் காய்ந்த பிறகுதான் உள்ளே விட்டேன்.

அன்றைக்கே ஓனரம்மாவிடமும் சொல்லிவிட்டேன். மேலும் கீழுமாக ஒரே கட்டடம், நாங்கள் அடித்தால் பூச்சி அங்கே போகும். திட்டுவார் என்று நினைத்தேன். "எங்க வீட்லயும் தீபாவளியில இருந்து இருக்குடி" என்றார்!

பெரும்பாலான மருந்து முட்டையைக் கொல்லாது. நம் ஊர் சூட்டில் ஆறிலிருந்து பத்து நாளில் பொரித்துவிடும். அதனால் காலண்டரில் பன்னிரண்டாம் நாளைச் சுழித்து வைத்து இரண்டாவது முறை அடித்தோம், இந்தத் தடவை கீழ் வீட்டிலும். அதற்கு நடுவில் பயந்துகொண்டு ஹாலில் போய்ப் படுக்கவில்லை. ஆளைத் தேடிப் பின்னாலேயே வரும். இரண்டு முறைக்குப் பிறகும் நன்றாக நடமாடினால் அளவைக் கூட்டிப் பயனில்லை. ஒரே வகை மருந்துக்குப் பழகிப்போன மூட்டைப்பூச்சிகள் நிறைய. மருந்தின் பெயரை எழுதிக் கொடுக்கிற ஆட்களாகப் பார்த்துக் கூப்பிட வேண்டியதுதான்.

இப்போது திவானைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு, நாலு காலுக்கும் சோப்புத் தண்ணீர் ஊற்றின டபராக்களை வைத்திருக்கிறேன். தினமும் காலையில் குனிந்து பார்க்கிறேன். முதல் வாரம் மூன்று மிதந்தன, போன வாரம் ஒன்று. காபிக்கு டபரா இல்லை என்று அத்தை முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார்.