கம்யூனிசத் தடுப்புக் கொள்கைகள்: சார்ட் எந்த அளவில் இருக்கிறது

ஓய்வு நேரங்களில் நான் வரைந்துவரும் வரலாற்று சார்ட்டுகளில் இப்போது கையில் இருப்பது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் கம்யூனிசம் பரவாமல் தடுக்க அமெரிக்கா கையாண்ட கொள்கைகள். அதிபர் வாரியாகப் பிரிக்காமல் ஒவ்வொரு கொள்கையிடமும் மூன்று கேள்விகள் கேட்கிறேன். கருவி பணமா, படையா, ரகசிய வேலையா? எந்த நிலப்பரப்பு வரை? உதவி பெற்ற நாட்டுக்கு அதில் எவ்வளவு சொல்லுரிமை?

ட்ரூமன் கோட்பாடு முதலில் நிரம்பியது. கிரேக்கத்தையும் துருக்கியையும் இனித் தாங்க முடியாது என்று பிரிட்டன் 1947 பிப்ரவரியில் கைவிரித்தது. மார்ச் 12 அன்று அமெரிக்க அதிபர் ட்ரூமன், அந்த இரு நாடுகளுக்கும் உதவ காங்கிரஸிடம் (அமெரிக்க நாடாளுமன்றம்) 40 கோடி டாலர் கேட்டார். தொகை அளவானது, சுதந்திர மக்களை ஆதரிப்போம் என்ற பேச்சுக்கோ எல்லையே இல்லை. அதனால் நிலப்பரப்புக் கட்டத்தில் இரு நாடுகளைப் பேனாவிலும் 'உலகம் முழுவதும்' என்பதைப் பென்சிலிலும் எழுதினேன்.

போரில் சிதைந்த ஐரோப்பாவை மீட்டெடுக்க அமெரிக்கா பணம் கொடுத்த மார்ஷல் திட்டத்தை மனநிறைவோடு எழுதினேன். நான்கு ஆண்டுகளில் சுமார் 1,300 கோடி டாலர். என்ன தேவை என்பதை ஐரோப்பியர்களே கூடிச் சொல்லட்டும் என்றார் அப்போதைய வெளியுறவு அமைச்சர் மார்ஷல். 1947 கோடையில் 16 நாடுகள் பாரிஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டன. சொல்லுரிமைக் கட்டம் இவ்வளவு நிறைந்த வரிசை என் சார்ட்டில் வேறில்லை. இருப்பதிலேயே சிறந்த கொள்கை இதுதான் என்று நான் நினைப்பதற்குக் காரணமும் அதுவே. சோவியத் யூனியனுக்கும் அழைப்பு போயிற்று. பாரிஸ் வந்த சோவியத் வெளியுறவு அமைச்சர் மோலோடோவ் பேச்சுவார்த்தையிலிருந்து வெளியேறினார். வருவதாகச் சொன்ன செக்கோஸ்லோவாக்கியாவும் மாஸ்கோவின் நெருக்கடியால் பின்வாங்கியது.

பிறகு 'பலன்' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். வேலை கடினமானது அங்கேதான். 1949இல் கிரேக்க உள்நாட்டுப் போர் முடிந்ததற்கு அமெரிக்க ஆயுதமும் பணமும் காரணம். ஆனால் சோவியத் தலைவர் ஸ்டாலினோடு முறித்துக்கொண்ட யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோ, அதே ஆண்டு தன் நாட்டு எல்லையைக் கிரேக்கக் கம்யூனிச கெரில்லாக்களுக்கு மூடியதும் பெரிய காரணம். அந்தக் கம்யூனிச யூகோஸ்லாவியாவுக்கே அமெரிக்கா பின்னர் உதவி செய்தது! தடுக்க நினைத்தது கம்யூனிசத்தையா, மாஸ்கோவின் கை நீளுவதையா என்று இந்தக் கட்டம் கேட்க வைக்கிறது.

1950க்கு வந்தால் சார்ட்டின் நிறமே மாறுகிறது. ஆசியப் பக்கம் அமெரிக்கா எதுவரை காக்கும் என்று ஜனவரியில் வெளியுறவு அமைச்சர் அச்செசன் வரைந்து காட்டிய பாதுகாப்புக் கோட்டுக்குள் கொரியா இல்லை. ஜூனில் போர் வெடித்ததும் அங்கே அமெரிக்கப் படை இறங்கிவிட்டது. இடையில், ஏப்ரலில், வெளியுறவுத் துறை அதிகாரி பால் நிட்ஸே தலைமையில் தயாரான ரகசிய அறிக்கை ராணுவத்தைப் பெருமளவு பெருக்கச் சொல்லியிருந்தது. தொகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது: மார்ஷல் திட்டம் முழுவதற்கும் ஆன செலவும், கொரியப் போருக்கு முந்தைய ஓராண்டு ராணுவ பட்ஜெட்டும் ஏறக்குறைய ஒன்றே. போர் தொடங்கிய சில ஆண்டுகளில் அந்த பட்ஜெட் மூன்று மடங்கையும் தாண்டியது.

ட்ரூமனுக்கு அடுத்த அதிபரான ஐசனோவரின் காலம் பாதிதான் நிரம்பியிருக்கிறது. செலவைக் குறைக்க அணு ஆயுத மிரட்டலையும் உளவு அமைப்பான சிஐஏவையும் நம்பிய காலம் அது. 1953இல் ஈரானில் மொசாடெக், 1954இல் குவாதமாலாவில் ஆர்பென்ஸ் ஆகியோரின் ஆட்சிகள் கவிழ்க்கப்பட்டன. சொல்லுரிமைக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதும்போது கோபம் வந்தது.

அடுத்து, லத்தீன் அமெரிக்காவுக்காக அதிபர் கென்னடி 1961இல் அறிவித்த முன்னேற்றக் கூட்டணி என்ற உதவித் திட்டம். அதை மார்ஷல் திட்டத்துக்கு நேர் கீழே எழுத இடம் விட்டிருக்கிறேன்.