வாசற்கதவில் ஒரு குடித்தனம்

நியூ ஜெர்சிக்கு வந்த முதல் வசந்தத்திலேயே எங்கள் வாசற்கதவு எங்களுக்கு இல்லை என்றாகிவிட்டது. முன்பு குடியிருந்தவர்கள் கதவில் மாட்டிவிட்டுப் போன அலங்கார இலை வளையத்துக்குள் ஒரு குருவி கூடு கட்டி முட்டையும் இட்டுவிட்டது. வெளிர்நீல முட்டைகள், மேலே மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள். கழற்றலாமா என்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டேன். முட்டையிருக்கும் கூட்டைக் கலைத்தால் குற்றம், 1918-லிருந்தே சட்டம் இருக்கிறது என்றார்.

பெண் பறவையை வைத்து இனத்தைக் கண்டுபிடிப்பது சிரமம். உடம்பெல்லாம் பழுப்பு, மார்பில் கலங்கிய கோடுகள், அவ்வளவுதான். எதிர்க்கம்பியில் உட்கார்ந்து ஓயாமல் பாடிய ஆண்தான் காட்டிக்கொடுத்தது. நெற்றியிலும் தொண்டையிலும் மார்பிலும் சிவப்பு: ஹவுஸ் ஃபின்ச். பர்ப்பிள் ஃபின்ச் என்று இன்னொன்றும் உண்டு. சிவப்பை நம்பினால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். விலாவைப் பார்க்க வேண்டும். அங்கே பழுப்புக் கோடுகள் தெளிவாக ஓடினால் ஆண் ஹவுஸ் ஃபின்ச். பர்ப்பிள் ஆணுக்குச் சிவப்பு முதுகுவரை படர்ந்திருக்கும். அதன் பெண்ணுக்குக் கண்ணுக்கு மேல் வெள்ளைப் பட்டை. தின்னும் உணவைப் பொறுத்துச் சில ஹவுஸ் ஃபின்ச் ஆண்கள் மஞ்சளாகவும் இருப்பதுண்டு.

இவையும் இந்தக் கிழக்குக் கரைக்கு வந்து குடியேறியவைதான். கலிஃபோர்னியாவில் பிடித்து, ‘ஹாலிவுட் ஃபின்ச்’ என்று பெயர் சூட்டி நியூயார்க்கில் கூண்டில் விற்றார்கள். காட்டுப் பறவைகளை விற்பதையும் தடுக்கும் அதே 1918 சட்டம் வியாபாரிகளின் கழுத்தைப் பிடித்ததும், 1940-இல் நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் திறந்துவிட்டுவிட்டார்கள். அன்று அவற்றுக்குக் கூண்டைத் திறந்த சட்டம், இன்று எனக்குக் கதவைப் பூட்டுகிறது!

பெண் மட்டுமே இரண்டு வாரம்போல அடைகாக்கும். ஆண் வந்து ஊட்டிவிட்டுப் போகும். சிட்டுக்குருவி குஞ்சுக்குப் புழு பூச்சி தேடும். இது விதையையே கக்கி ஊட்டுகிறது. முதல் சில நாள் தாயே எச்சத்தை அகற்றிக் கூட்டைச் சுத்தமாக வைத்திருந்தது. பிறகு அந்த வேலையை விட்டுவிட்டது. கூட்டு விளிம்பு சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்து, கதவிலும் வழிந்தது. பார்சல் கொண்டுவருபவர்களுக்குப் ‘பின்வாசலுக்கு வரவும்’ என்று சீட்டு ஒட்டினோம்.

உங்கள் வாசலிலும் இப்படி நேர்ந்தால், குஞ்சுகள் எல்லாம் பறந்ததை உறுதிசெய்துகொண்டு அன்றே வளையத்தைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். ஒரே பருவத்தில் இரண்டு மூன்று ஈடு முட்டையிடும் பறவை இது. அடுத்த முட்டை விழுந்துவிட்டால் மறுபடியும் பின்வாசல்தான்.