டைனமோவில் கேட்ட பாட்டு

எங்கள் ஆங்கில சேர் போன வருடம் காலமானார். பெயர் எழுதத் தேவையில்லை. எங்கள் அணியில் ‘சேர்’ என்றால் அவர் ஒருவர்தான். நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொன்னபோது, அவர் படிப்பித்த இலக்கணமோ கட்டுரையோ முதலில் ஞாபகம் வரவில்லை. ஸ்கோர்பியன்ஸ் என்ற ஜெர்மன் றொக் குழுவின் ‘விண்ட் ஒஃப் சேஞ்ச்’ (மாற்றத்தின் காற்று) பாட்டுத்தான் வந்தது.

1992ஆம் ஆண்டு. இலங்கையின் வடக்கில் போர்க்காலம். 1990 ஜூனில் நின்ற கரண்ட் திரும்பி வரவேயில்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். பின்னேர வகுப்பு முடிந்ததும் சேரின் சைக்கிளைக் கவிழ்த்து வைப்போம். ஒருவன் பெடலைக் கையால் சுற்றுவான். டைனமோவிலிருந்து வயர் இழுத்து, பழைய றேடியோவில் கழற்றின டயோட் ஒன்றை இடையில் பற்றவைத்து, கசற் பிளேயரை ஓட வைப்போம். சுற்றுகிறவனுக்குக் கை சோர்ந்தால் பாடகரின் குரல் தடித்து இழுபடும். “சுத்தடா, சுத்து!” என்று எல்லாரும் கத்துவோம். தொடக்கத்தில் வரும் அந்த விசிலில் மட்டும் யாரும் கையைத் தளரவிட்டதில்லை. விசில் என்றால் சேருக்கு உயிர்.

பாட்டு முடிந்தபிறகுதான் உண்மையான பாடம். இவர்கள் எந்த ஊர்? ஜெர்மன்காரர் ஏன் மொஸ்கோவைப் பற்றிப் பாட வேணும்? எப்போது எழுதினது? பி.பி.சி.யில் கேட்டதை வைத்து அவர் கொஞ்சம் சொல்லுவார். மீதிக்கு, “வெளியில போறவை அறிஞ்சு சொல்லுங்கோ” என்பார். பள்ளிக்கூட வளவில் பங்கர் வெட்டியிருந்த காலத்தில் அப்படிச் சொன்னார்.

நான் வந்து சேர்ந்தது அந்தக் குழுவின் சொந்த ஊரான ஹனோவருக்கு. ஊருக்கு ஒழுங்காகப் போன் எடுக்க முடிந்த நாளிலிருந்து, அறிந்ததை ஒவ்வொன்றாகச் சேருக்குச் சொன்னேன். 1965இல் ருடோல்ஃப் ஷெங்கர் தொடங்கிய குழு அது. பாடகர் கிளவுஸ் மைன 1981இல் குரலை இழந்தார். குரல்நாணில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வந்தது. வேறு பாடகரைப் பாருங்கள் என்று அவரே சொல்லியும், மற்றவர்கள் காத்திருந்தார்கள். அடுத்த வருட அல்பத்தில் அவருடைய குரல்தான். “காத்திருந்தவை, என்ன?” என்று சேர் இரண்டு தரம் கேட்டார்.

1988இல் லெனின்கிராட்டில் பத்துக் கச்சேரி செய்தார்கள். உலகப் போரில் ஜெர்மன் படை முற்றுகையிட்டுப் பட்டினி போட்ட நகரம் அது. தகப்பன்மார் டாங்கியோடு போன நாட்டுக்குத் தாங்கள் கிற்றாரோடு போனதாகப் பிற்பாடு சொன்னார்கள். அடுத்த வருடம் ஓகஸ்ட் 12, 13இல் மொஸ்கோ லெனின் அரங்கில் பெரிய றொக் விழா. காவலுக்கு நின்ற சோவியத் சிப்பாய்கள் கூட்டத்தைப் பார்க்காமல் மேடைப் பக்கம் திரும்பி, தொப்பிகளை மேலே எறிந்தார்கள். ஒரு மாலை எல்லா நாட்டு இசைக்காரரும் ஒரே படகில் மொஸ்க்வா ஆற்றில் கோர்க்கி பூங்காவுக்குப் போனார்கள். ஊர் திரும்பிய மைன, செப்டம்பரில் அந்தப் பாட்டை எழுதினார்.

பெர்லின் சுவர் விழுந்தது அதற்குப் பிறகு, 1989 நவம்பர் 9இல். பாட்டு வெளியானது 1990 கடைசியில். தனி இசைத்தட்டாக வந்து உலகம் முழுக்கப் பரவியது 1991இல். அதனால்தான் எல்லாரும் அதைச் சுவர் விழுந்த பாட்டாக நினைக்கிறார்கள். சேரும் அப்படித்தான் நினைத்திருந்தார். “சுவர் நிக்கேக்கையே எழுதிப்போட்டாரோ?” என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பக்கத்தில் யாருக்கோ அதைச் சொல்லுவது கேட்டது. எனக்கும் அந்தப் பாட்டில் பெரிய விஷயம் இதுதான். நடந்து முடிந்ததைப் பாடுவது சுலபம்.

அந்த விசிலை எடுத்துவிடச் சொல்லி இசைத்தட்டுக் கொம்பனி கேட்டதையும், குழு மறுத்ததையும் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தார். 1991 டிசம்பரில் சோவியத் தலைவர் கொர்பச்சேவ் அந்தக் குழுவைக் கிரெம்ளினுக்கு அழைத்தார். அதே மாதம் 25ஆம் திகதி பதவி விலகினார். 2022இல் உக்ரேன் போர் தொடங்கியபின், மொஸ்க்வாவும் கோர்க்கி பூங்காவும் வரும் தொடக்க வரிகளை மைன மாற்றி, உக்ரேன் பெயரைச் சேர்த்துப் பாடினார். அதைக் கேட்ட சேர், “எழுதினவரே மாத்தினது சரி” என்றார். புதிய வரிகளைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

ஊருக்குப் போகும்போதெல்லாம் அவர் வீட்டில் அரை மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக் கிடைக்கவில்லை. கலியாண வீடு, காணி அலுவல், கோயில் என்று லீவு முடிந்துவிடும். எவ்வளவோ போனில் பேசினோம். ஆனால் ஒரு முழுப் பின்னேரம் அவர் முன்னால் இருந்து அந்தப் பாட்டைக் கேட்கவில்லை. வெளிநாடு வந்ததில் எனக்கு ஆறாத கவலை அது.

2025 ஜூலை 5இல் குழுவின் 60ஆம் ஆண்டுக் கச்சேரி ஹனோவர் உதைபந்தாட்ட அரங்கில் நடந்தது. மைனவுக்கு 77 வயது. போய்ப் பார்த்தேன். குரல் எப்படி இருந்தது, எந்த வரிகளைப் பாடினார், சனம் என்ன செய்தது என்று சேர் கேட்டிருப்பார். மூன்றுக்கும் பதில் வைத்திருக்கிறேன்.